எங்கள் ஊர் வானத்தில் ஓட்டை இல்லை

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணுக்குள் வருவது, அவர் தன் வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று டியூப் லைட்டுக்கு நேராக ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டிருந்த காட்சிதான். நல்ல பகல் நேரம். ஜன்னல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு ஓரமெல்லாம் ஆணி அடித்திருந்தார்கள். அக்கா இரண்டு வயதுப் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மாமா கருவியின் சின்னத் திரையில் வந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்காலியிலிருந்து இறங்கினார். போய் விளக்கை அணைத்தார். திடீரென்று வந்த இருட்டில் பாப்பா கைதட்டிச் சிரித்தது. அப்பா ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று அது நினைத்திருக்கும்.

மாமா என் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. என் அக்காவைக் கட்டிக்கொண்டவரும் அவர்தான். எங்கள் அப்பா தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்ற அம்மாவுக்கு அப்போது கைகொடுத்தது தம்பிதான். அவர் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்ததும், அம்மா யாரையும் கேட்கவில்லை. அக்காவை அவருக்கே பேசி முடித்துவிட்டாள். "வெளியில குடுத்தா எம்பிள்ளய யாரு பாப்பா? எந்தம்பி கையில குடுத்தா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்று கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அக்காவுக்கும் அதில் வருத்தமில்லை. எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மாமா வானத்தை அளந்துகொண்டிருந்தார். அப்படிச் சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுதான் அவர் வேலை. சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரில் எவ்வளவு நம் மேல் விழுகிறது, மேலே இருக்கும் ஓசோன் எவ்வளவைத் தடுத்து நிறுத்துகிறது என்று கணக்கெடுக்கும் ஓர் ஆராய்ச்சியில் அவர் இருந்தார். அதற்கு இரண்டு கருவிகள். ஒன்று பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போல இருக்கும். உச்சி வெயிலில் கல்லூரி மொட்டை மாடியில் நின்று அதைச் சூரியனுக்கு நேராகப் பிடிப்பார். கண்ணாடியில் தெரியும் சூரியப் புள்ளி வட்டத்துக்கு நடுவில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலே ஓசோன் எத்தனை கனத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். இன்னொன்று கைக்குள் அடங்கும் சின்ன மீட்டர். அது இருக்கும் இடத்தில் எவ்வளவு புற ஊதா விழுகிறது என்று காட்டும். அந்தச் சின்ன மீட்டரைத்தான் அன்று டியூப் லைட்டுக்கு நேரே பிடித்திருந்தார்.

பள்ளிக்கூடங்களில் அவரைப் பேசக் கூப்பிடுவார்கள். ஊரில் அவர் பெயரே ஓசோன் சார் என்று ஆகிவிட்டது. போகும் இடமெல்லாம் அவர் ஒன்றைத் திருத்திச் சொல்வார். "நம்ம ஊருக்கு மேல ஓட்டையெல்லாம் இல்ல. ஓட்டை விழுந்தது தென் துருவத்துக்கு மேல. நம்ம பக்கம் வெயிலு நேரா தலைக்கு மேல நிக்குது. ஓசோனும் இங்கன எப்பவுமே கொஞ்சம் மெல்லிசுதான். அதனாலதான் நமக்கு இந்தக் கதிரு கூட. உப்பளத்துல நிக்கிறவங்களுக்கு மேலயிருந்தும் அடிக்கும், கீழ உப்புல பட்டும் அடிக்கும்." கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் வானத்தில் ஓட்டை விழுந்துவிட்டதாம் என்று சொல்வார்கள். மாமாவுக்கு அதில் கோபம் வரும். தப்பான எண் ஒன்று அவர் காதில் விழுந்தால் அதைத் திருத்தாமல் அவரால் சோறு உண்ண முடியாது.

பாப்பா பிறந்து, ஓராண்டு நிறைந்து, திருச்செந்தூரில் முடியெடுக்கப் போனோம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு கடற்கரையில் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்தோம், எல்லாக் குழந்தைகளையும் வைத்திருப்பது போலத்தான். வீட்டுக்கு வருவதற்குள் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. மறுநாள் காலையில் முகமும் தலையும் கொதிநீர் ஊற்றினாற்போல் சிவந்து கொப்பளித்திருந்தன. சந்தனத்தில் ஏதோ கலப்படம் என்று அம்மா திட்டினாள். ஆறியது. பிறகு மறுபடியும் வந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெளித்தன. வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். இங்கே பார்த்த டாக்டர்கள் களிம்பு கொடுத்தார்கள். கடைசியில் ஒருவர் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அந்தப் பயணத்தில் நானும் இருந்தேன். அம்மாவும் நானும் பாப்பாவோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமாவும் அக்காவும் உள்ளே போனார்கள். அங்கே நடந்ததை அக்கா பிறகு எனக்குச் சொன்னாள். டாக்டர் முதலில் கேட்டது, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றுதானாம். மாமா, "என் அக்கா மகள்" என்றிருக்கிறார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாக விளக்கினாராம். வெயில் நம் எல்லோருடைய தோலையும் தினமும் கெடுக்கிறது, உடம்பு அதைத் தினமும் தானாகவே சரி செய்துகொள்கிறது. இந்தக் குழந்தையின் உடம்புக்கு அப்படிச் சரி செய்யத் தெரியாது. அந்தக் குறை ஒருவரிடம் மட்டும் இருந்தால் வெளியே தெரியாது, வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேரும்போதுதான் இப்படி. ஒரே குடும்பத்து ரத்தத்தில் ஒளிந்துகொண்டிருந்தது இரண்டு வழியாக வந்து பாப்பாவிடம் சேர்ந்திருக்கிறது. மருந்து கிடையாது. வெயிலே படாமல் வைத்திருந்தால் நாள் தள்ளலாம். டாக்டர் அதற்கு மேல் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது காரின் கண்ணாடிகளில் அம்மாவின் சேலையையும் துண்டுகளையும் செருகி மறைத்திருந்தோம். பாப்பா அக்கா மடியில் தூங்கிவிட்டது. அம்மாதான் கேட்டாள்.

"ஏலே, டாக்டரு என்னல சொன்னாரு?"

"வெயிலு ஒத்துக்காதாம்க்கா. வெயில்ல காட்டவே கூடாதுன்னு சொல்லுதாரு."

"அது எப்படில ஒத்துக்காமப் போவும்? நம்ம எல்லாருக்கும் ஒத்துக்கிடுதுல்லா? நம்ம வம்சத்துல வெயிலு ஒத்துக்காதவுக யாரு இருக்கா?"

வம்சம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா குனிந்து பாப்பாவின் தலையைத் தடவினாள். அம்மா தானே யோசித்து, தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தாள். "நீதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி சொல்லுவியே, வானத்துல ஓட்ட விழுந்திருக்குன்னு. அதனாலயா?"

முன்சீட்டில் இருந்த நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்காகவே ஊர் ஊராகப் போனவர் அவர். துண்டு மறைத்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா" என்றார்.

அம்மா பெருமூச்சு விட்டாள். அதில் துக்கம் இருந்தது, ஆனால் துக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்ட ஆறுதலும் இருந்தது. அக்கா இரண்டொரு முறை மாமாவிடம், "அம்மாட்ட சொல்லிருவோம் மாமா" என்று கேட்டிருக்கிறாள். "அவ சேத்து வச்ச கல்யாணம்ளா இது. அவளாலதான் பிள்ளைக்கு இப்படின்னு தெரிஞ்சா அன்னைக்கே உயிர விட்டுருவா. வானத்து மேல பழி போட்டா வானத்துக்கு வலிக்கவா போவுது?" என்று மாமா சொல்லிவிட்டார். நானும் அக்காவும் அதோடு வாயை மூடிக்கொண்டோம்.

அதன்பிறகு மாமா வீட்டை அளக்க ஆரம்பித்தார். ஓசோன் அளக்கும் பெரிய கருவி கல்லூரியிலேயே இருக்கும். சின்ன மீட்டரை மட்டும் மாலையில் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஜன்னல் கண்ணாடி வழியாக எவ்வளவு வருகிறது, கதவிடுக்கில் எவ்வளவு, எந்த பல்பில் வரும், எதில் வராது. கார் கண்ணாடிக்கு ஒட்டும் தாள் போல ஒன்றை வரவழைத்து ஜன்னலெல்லாம் ஒட்டினார். பகலில் அந்த வீட்டுக்குள் போனால் தேநீருக்குள் இறங்கியது போல் பழுப்பாக இருக்கும். ஒட்டி முடித்த அன்று ஒவ்வொரு ஜன்னலாகப் போய் மீட்டரைக் காட்டி, பூச்சியம், பூச்சியம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாப்பாவும் பின்னாலேயே போய் "பூச்சியம்" என்றது. அது தெளிவாகப் பேசிய முதல் சொற்களில் அதுவும் ஒன்று. மற்றக் குழந்தைகள் நல்ல பிள்ளை, சமத்து என்று கேட்டு வளர்கிற வயதில் இவள் பூச்சியம் என்று கேட்டால் முகம் மலர்வாள்.

கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது இருக்கும். கப்பல்களின் சங்குச் சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பற்றி நான் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறாள். நான் அப்போது அங்கே, கப்பல் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆனால் நினைவு தெரிந்து கடலை அவள் பார்த்ததில்லை. மாலையில் காரில் கூட்டிக்கொண்டு போனோம். காரின் கண்ணாடிகளிலும் அதே தாள். கடற்கரையில் கூட்டம். பிள்ளைகள் அலையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் இறங்கி, மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்றார். சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்கிய பிறகும் அவர் சைகை காட்டவில்லை. "அப்பா, பூச்சியமா?" என்று பாப்பா உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆட்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். சுண்டல்காரர் கடையைக் கட்டினார். ஒருவழியாக மாமா திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். கதவைத் திறந்ததும் பாப்பா ஓடிய ஓட்டம்! எல்லோரும் விட்டுப்போன கடலை நோக்கி அவள் ஒருத்தி மட்டும் ஓடினாள். மங்கலில் தண்ணீரின் நிறமே தெரியவில்லை. "கடலு நீலம்னு சொன்னியே சித்தி" என்றாள். நாளைக்கு இருக்கும் என்றேன்.

இதற்கிடையில் அம்மா தனியாக ஒரு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தாள். பழைய பிரிட்ஜுகளில் இருந்த வாயுதான் மேலே போய் ஓசோனைத் தின்றது என்று மாமா எப்போதோ சொன்னது அவள் நினைவில் இருந்தது. புதுக்கோட்டை வீட்டில் அப்பா வாங்கிய பிரிட்ஜ் ஒன்று இருந்தது. ஒருநாள் அதைப் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "எம்பேத்திய தின்ன சனியன் எனக்கு என்னத்துக்கு?" என்றாள். சித்திரை வெயிலிலும் பானைத் தண்ணீர்தான். தினமும் இரண்டு வேளை பால் வாங்கிக் காய்ச்சினாள். பக்கத்து வீட்டில் ஏசி மாட்டியபோது போய்ச் சண்டை பிடித்தாள். மாமாவுக்கு விஷயம் தெரிந்தபோது அந்த இரும்புக்காரர் குழாயை அறுத்து வாயு முழுவதும் சீறிப் போயிருக்கும். எதற்குப் பயந்து அதைக் கொடுத்தாளோ அதுவே அன்று மேலே போய்விட்டது. மாமா அதையும் அவளிடம் சொல்லவில்லை. வியர்த்து வடிய அடுப்படியில் நிற்கும் தன் அக்காவைப் பார்த்தபடி அவர் வாசலில் நின்றதை நான் கண்டிருக்கிறேன். ஏதோ சொல்ல வந்து, சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இப்படியே போயிருக்கலாம். என் கல்யாணப் பேச்சுதான் எல்லாவற்றையும் உடைத்தது. மாமாவுக்கு ஒரு தம்பி உண்டு. எனக்குச் சின்ன மாமா. துபாயில் கணக்குப் பார்க்கும் வேலை. சிறு வயதிலிருந்தே எனக்கு அவர்தான் என்று விளையாட்டாகப் பேசிப் பேசி, அது என் மனத்திலும் அவர் மனத்திலும் விளையாட்டாக இல்லாமல் போயிருந்தது. அவர் விடுமுறையில் வந்திருந்த சமயம். ஓசோன் படலம் மெல்ல மெல்ல ஆறி வருகிறது, உலக நாடுகள் அந்த வாயுக்களை நிறுத்தியதால் வந்த பலன் இது என்று டிவியில் சொன்னார்கள். அம்மா அன்றே பஸ் ஏறி மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் வேலை முடிந்து அங்கேதான் இருந்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அப்பா போன பிறகு நான் பார்த்ததில்லை.

"தம்பி, ஓட்ட மூடிக்கிட்டு வருதாம்லா? டிவியில சொல்லுதான். இனிமே பொறக்கிற பிள்ளைகளுக்குப் பயம் இல்லல்லா? சின்னவனுக்கும் இவளுக்கும் இந்த லீவுலயே முடிச்சிருவோம். நான் அதுக்காவத்தான் பேசாம இருந்தேன்."

மாமா என்னைப் பார்த்தார். அவருக்கு எங்கள் இருவர் மனமும் தெரியும். பாப்பாவை உள்ளறைக்குப் போய் விளையாடச் சொன்னார். "உக்காருக்கா" என்று அம்மாவை உட்கார வைத்து, தானும் எதிரே தரையில் உட்கார்ந்தார். பழுப்பு வெளிச்சத்தில் அவர் முகம் மண்பொம்மை போல் இருந்தது.

"நான் உங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்க்கா. ஓட்டைக்கும் பாப்பாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் இத்தன வருசமா அளக்கேன். நம்ம ஊரு வானத்துல ஓட்டையே கிடையாது. நீயும் நானும் பொறந்தப்ப என்ன வெயிலோ அதேதான் இன்னைக்கும். இது நம்ம ரத்தத்துல இருந்திருக்கு. உங்கிட்டயும் எங்கிட்டயும் இருக்கு. உங்கிட்ட இருந்து பெரியவளுக்குப் போயி, எங்கிட்ட இருந்தும் சேர்ந்து, பாப்பாவுக்கு வந்திருக்கு. சின்னவன்கிட்டயும் இருக்கலாம், சின்னவகிட்டயும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனா மறுபடி ஒரு பிள்ளைய வச்சு அதைப் பாக்கக் கூடாதுக்கா."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நான் பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப பிரிட்ஜ் மேல ஒரு குத்தமும் இல்ல."

"இல்லக்கா."

"நான்தான் இவள உனக்குக் கட்டி வச்சேன்."

"நீ ஒண்ணும் செய்யலக்கா. நமக்கு யாருக்குத் தெரியும்? படிச்ச தம்பின்னு நான் ஒருத்தன் இருந்தேன், எனக்கே தெரியல."

"எங்கிட்ட ஏம்ல அன்னைக்கே சொல்லல?"

"உன்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்."

அம்மா எழுந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "எல்லாத்தையும் அளக்கியே. நான் தாங்க மாட்டேன்னு எந்த மீட்டர வச்சுல அளந்த?" என்றாள். குரல் உயரவே இல்லை. அக்கா ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தாள். அம்மா அக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "உனக்கும் தெரியும்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். உள்ளறையிலிருந்து பாப்பா, "ஆச்சி போயிட்டாளா?" என்று கேட்டாள்.

சின்ன மாமா விடுமுறை முடிவதற்கு முன்பே துபாய்க்குக் கிளம்பிவிட்டார். போவதற்கு முந்திய நாள் துறைமுகத்தில் என் அலுவலக வாசலுக்கு வந்து நின்றார். லாரிகள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. பேசியது பாதி காதில் விழவில்லை. "அண்ணன் சொல்லுதது சரிதான், என்னளா?" என்றார். "சரிதான்" என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது. அடுத்த ஆண்டு அவருக்கு வெளியில் பெண் பார்த்தார்கள்; அதற்கடுத்து எனக்கும். சரியான ஒன்றைச் செய்துவிட்டு அதற்காக அழவும் முடியாமல் இருப்பது ஒரு தனித் துக்கம். அதைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை.

அம்மா பல வாரங்கள் தூத்துக்குடிப் பக்கமே வரவில்லை. நான் வீட்டில் இருந்தாலும் தேவைக்குத்தான் பேசினாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். தன் அப்பா அம்மாவில் யாரிடமிருந்து இது வந்திருக்கும் என்று ஒருநாள் என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். "அவுகளும் பாவம்தான்" என்றாள். பிறகு ஒரு மாலையில் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு, "வா, உன் மாமன் வீட்டுக்குப் போவோம்" என்றாள். போனதும் அக்காவிடமோ பாப்பாவிடமோ பேசாமல், பையிலிருந்து தன் கல்யாணக் கூறைப் பட்டை எடுத்து மாமாவிடம் நீட்டினாள். அரக்கு நிறத்தில், கையில் வாங்கினால் கனக்கும் பட்டு. "இதை உன் மீட்டர்ல வச்சுப் பாரு. வெயிலு உள்ள போவுதான்னு பாத்துச் சொல்லு."

மாலை வெயில் இன்னும் வாசலில் கிடந்தது. மாமா மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய், அதன் மேல் பட்டை ஒற்றையாகப் போட்டுப் பார்த்தார், மடித்துப் போட்டுப் பார்த்தார். நாங்கள் வாசலுக்குள் நின்றோம். அவருக்குக் கண் கலங்கி எண் தெரியவில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மடிச்சுப் போட்டா ஒண்ணும் போகலக்கா" என்றார். அம்மா அங்கேயே தரையில் சேலையை விரித்து, கத்தரியை எடுத்து, தானே வெட்டினாள். அதில் பாப்பாவுக்கு முட்டாக்கும் நீளக்கைச் சட்டையும் தைத்தாள். கத்தரி ஓடும்போது ஜரிகை நறநறவென்று சத்தம் போட்டது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. சமாதானம் என்று சொல்ல அவ்வளவுதான் நடந்தது.

நாங்கள் எவ்வளவு மூடினாலும், தெரியாமல் விட்ட அந்த முதல் இரண்டு வருட வெயில் பாப்பாவின் தோலுக்குள் ஏற்கெனவே தன் வேலையைத் தொடங்கியிருந்தது. எட்டு வயதில் மூக்கின் மேல் ஒரு சிறு கட்டி. வெட்டி எடுத்தார்கள். பிறகு உதட்டில். பிறகு கண்ணிமையில். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் மாமா முதலில் வார்டு விளக்குகளை அளந்தார். நர்சுகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர் வருவதற்கு முன்பே விளக்கை அணைத்து வைத்தார்கள். பாப்பாவுக்குப் படிப்பில் ஆசை. பள்ளிக்கூடம் போகாமலே அக்காவிடம் எல்லாம் படித்தாள். கண் மங்கத் தொடங்கிய பிறகு, எனக்கு வெளிச்சத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள் என்று கேட்பாள். நான் அலுவலகத்திலிருந்து நேரே போய், அன்று வந்த கப்பல், கிரேன், நிலக்கரித் தூசி படிந்த லாரிக்காரர்கள் என்று சொல்லுவேன். ஒருமுறை தன் அப்பாவிடம், "நான் வெளியே போகாததால ஓசோனுக்கு எம்மேல கோவமா இருக்குமாப்பா?" என்று கேட்டாள். "இல்லடா. அதுக்கு உன்னத் தெரிஞ்சிருந்தா உனக்கு மட்டும் கொஞ்சம் கனமா வந்து நின்னுருக்கும்" என்றார் மாமா. அவர் ஒரு கற்பனையைச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அவள் பெரியவளாகவில்லை. அதற்குள் கட்டி உள்ளே போய்விட்டது. பங்குனியில் ஒரு நாள் காலையில் போனாள். சின்னப் பிள்ளை என்பதால் அடக்கம் செய்வதுதான் வழக்கம். தாமதிக்க வேண்டாம் என்று மதியத்திலேயே எடுத்தார்கள். மாமா அவளைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். நல்ல உச்சி வெயில். தெருவே வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. படியில் அவர் கால் தானாக நின்றது. பழக்கம். அதே பழக்கத்தில் அம்மா உள்ளே ஓடி, குடையை எடுத்து வந்து விரித்து, பாப்பாவின் முகத்துக்கு மேல் பிடித்தாள்.

"வேண்டாம்க்கா" என்றார் மாமா. "இனிமே வெயிலு அவள ஒண்ணும் செய்யாது."

அம்மா குடையை மடக்கவில்லை. ஆனால் மெல்ல விலக்கினாள். வெயில் பாப்பாவின் நெற்றியில் விழுந்தது, மூடிய கண்ணில் விழுந்தது, தழும்பு விழுந்த மூக்கில் விழுந்தது. கைக்குழந்தையாக இருந்ததற்குப் பிறகு அந்த முகத்தை அவ்வளவு வெளிச்சத்தில் நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அவள் புருவத்தில் செம்பட்டை கலந்திருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அக்கா அருகில் வந்து, குனிந்து, அந்த வெளிச்சத்தில் தன் பிள்ளையை ஆசை தீரப் பார்த்தாள். மாமா அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றார். பிறகுதான் படி இறங்கினார்.

அக்காவும் மாமாவும் வேறு பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. அம்மா போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. மாமா ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் வானம் தெளிவாக இருந்தால் கல்லூரி மொட்டை மாடிக்குப் போய்விடுவார், அங்கே யாரும் தடுப்பதில்லை. பள்ளிக்கூடங்களில் இன்னும் கூப்பிடுகிறார்கள். துருவத்து ஓட்டை ஆறி வருகிறது, மனிதர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு தப்பைத் திருத்தியதற்கு இதுதான் சாட்சி என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். நம் ஊர் எண்கள் என்ன ஆயிற்று என்று கேட்டால், "அது பாட்டுக்கு இருக்கு" என்பார். சொந்தத்தில் கல்யாணம் பேசுகிற வீடு எதுவென்று தெரிந்தால், அழைக்காவிட்டாலும் போய் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வருவார். சில வீடுகளில் காபி கொடுக்கிறார்கள். சில வீடுகளில் முகம் கொடுப்பதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிடக் கூப்பிட வராமல் தெருப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தவள், கடைசியில் முகமெல்லாம் சிவந்து, வியர்வை வழிய, செருப்பில்லாத காலோடு உள்ளே ஓடி வந்தாள். வெயிலில் இப்படியா ஆடுவது என்று நான் சத்தம் போட ஆரம்பித்தேன். மாமா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஏளா, இங்கன வா" என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் போய் அவர் முன்னால் நின்றாள். மாமா அவள் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, உச்சியில் மூக்கை வைத்து முகர்ந்தார். சுடச்சுட இருந்த அந்த முடியில் தூசியும் வியர்வையும் கலந்த வாடைதான் அடித்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்து அப்படியே வைத்திருந்தார்.

"என்ன தாத்தா?" என்றாள் அவள், கூச்சத்தில் நெளிந்துகொண்டே.

"வெயிலு வாசம் அடிக்குது" என்றார். அவளை விட மனமில்லாமல் இன்னொரு முறை முகர்ந்தார்.